ஆலன் பேஜ்: காத்திருக்க மறுத்த தடுப்பாட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் யார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேர்ந்தெடுத்து வருகிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குகள்தான் இருப்பார்கள். நடுநடுவே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் வருவார்கள். 1982ல் ஒரே ஒரு முறை பந்தை உதைப்பவர் ஒருவருக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர். ஒருவர் 1986ல் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர். அவருக்கும் 15 வருடம் முன்னால், 1971ல், அந்த விருதை முதன்முதலாகத் தடுப்பாட்டத்தின் பக்கம் கொண்டுவந்தவர் மின்னசோட்டா வைக்கிங்ஸின் ஆலன் பேஜ்.

டெய்லரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பேஜைப் பற்றிப் பேசும்போது ஒரு வழக்கமான கதை உண்டு: பெரிய விளையாட்டு வீரராக இருந்தார், ஓய்வு பெற்றார், அப்புறம் படித்து நீதிபதியானார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒத்துவரவில்லை. சட்டம் படித்ததும், தொழிற்சங்கத்தில் உழைத்ததும், மாரத்தான் ஓட ஆரம்பித்ததும் அவர் களத்தில் இருந்த அதே வருடங்களில்தான். கால்பந்து முடியட்டும், பிறகு வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவே இல்லை. அவருடைய ஆட்டத்தின் அடிப்படையும் அதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம்.

இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இரண்டு அணிகளும் பந்து வைக்கப்பட்ட கோட்டின் இரு பக்கமும் குனிந்து நிற்கும். நடுவில் இருப்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தந்ததும் எல்லாம் தொடங்கும். அது எப்போது நடக்கும் என்பது பந்து வைத்திருக்கும் அணிக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் எந்தக் குரலுக்குக் கிளம்புவது என்று அவர்கள் பேசிவைத்துக்கொண்டுதான் வந்து நிற்கிறார்கள். எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆகவே தடுப்பவர் எப்போதும் ஒரு கணம் பின்தங்கியே ஆரம்பிக்கிறார். அந்தக் கணத்தை எப்படி ஈடுகட்டுவது என்பதில்தான் முன்வரிசைத் தடுப்பாட்டத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பேஜ் ஆடிய இடத்துக்கு டிஃபென்சிவ் டேக்கிள் என்று பெயர். முன்வரிசையின் உட்பக்கம். அந்தக் காலத்தில் அங்கே பாரமான ஆட்களை நிறுத்துவார்கள். நடுவில் நின்று வழியை அடை, பந்தோடு ஓடுகிறவன் வந்தால் பிடி, அது இல்லை என்று உறுதியான பிறகு குவாட்டர்பேக்கை நோக்கிப் போ என்பதுதான் பாடம். பேஜ் இதைத் தலைகீழாக ஆடினார். பந்து அசைந்ததும் நேரே குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தார். ஓடுகிறவன் வழியில் அகப்பட்டால் அவனையும் பிடித்தார். ஆறடி நான்கு அங்குல உயரம், சுமார் 111 கிலோ எடை. எதிரே நின்றவர்களில் பலர் அவரைவிடப் பாரமானவர்கள். அவர்களைத் தள்ளி நகர்த்த அவர் முயலவில்லை. அவர்கள் முதல் அடியை ஊன்றுவதற்குள் பக்கவாட்டில் நழுவிப் போய்விடுவார். பழைய படச்சுருள்களில் 88ஆம் எண்ணை மட்டும் கவனித்துப் பாருங்கள். மற்றவர்கள் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் கோட்டைத் தாண்டியிருப்பார்.

நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் அவர் வரிசையின் ஓரத்தில் ஆடியவர். 1966ல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1967 தேர்வின் முதல் சுற்றில் 15ஆவதாக வைக்கிங்ஸ் அவரை எடுத்து உள்ளே நகர்த்தினார்கள். முதல் வருடத்தின் நான்காவது ஆட்டத்திலேயே நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. ஓரங்களில் கார்ல் எல்லரும் ஜிம் மார்ஷலும், நடுவில் பேஜின் பக்கத்தில் கேரி லார்சனும் நிற்க, ஊதா உடுப்பணிந்த இந்த நால்வருக்கும் பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குவாட்டர்பேக்கிடம் சந்திப்போம் என்பது அவர்களுக்குள் புழங்கிய வாசகம். 1969ல் 14 ஆட்டங்களில் இந்த அணி விட்டுக்கொடுத்தது மொத்தம் 133 புள்ளிகள். ஆட்டத்துக்குப் பத்துகூட ஆகவில்லை.

1971ல் அதே 14 ஆட்டங்களில் 139. அந்த வருடம் மின்னசோட்டாவின் தாக்குதல் அணி ரொம்பச் சாதாரணமானது. பதினொரு வெற்றிகளையும் தடுப்பாட்டம்தான் சுமந்தது, அதன் மையத்தில் பேஜ் இருந்தார். டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிரான ஆட்டம் ஒன்றை இன்றும் சொல்வார்கள். நடுவர்கள் அடுத்தடுத்து அவர்மேல் தண்டனை அறிவிக்க, கோபத்தில் அதன் பிறகு வந்த ஒவ்வொரு முயற்சியிலும் எதிரணியின் பின்களத்தில் போய் நின்றார். எதிரணி என்ன திட்டம் போட்டாலும் அவரைத் தாண்டி அது நடக்கவில்லை. தடுப்பாட்டத்துக்கென்று அசோசியேட்டட் பிரஸ் தனி விருது தொடங்கியதும் அந்த வருடம்தான். அதுவும் அவருக்கே போனது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குவாட்டர்பேக்கைப் பந்து வீசுவதற்கு முன்பே வீழ்த்துவது சாக். இன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரரின் சம்பளம், புகழ், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேரும் வாய்ப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் எண் இது. தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். இதை அதிகாரபூர்வமாகக் கணக்கில் சேர்த்தது 1982ல். பேஜ் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது 1981 டிசம்பரில். அதாவது லீகின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு சாக் கூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் வருடக்கணக்கில் தோண்டிய ஆய்வாளர்கள் சிலர் அவருக்கு 148.5 என்று எண்ணியிருக்கிறார்கள். 2021ல் ஒரு பெரிய புள்ளிவிவரத் தளம் அந்த எண்ணை வெளியிட்டது. வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்களுக்கே இது மிகப் பெரிய எண். இரண்டு பேர் சேர்ந்து மறிக்கிற உட்பக்கத்தில் நின்று இதை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். லீக் இன்னமும் இதை ஏற்கவில்லை. படச்சுருள் இருக்கிறது, எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது, சரிபார்க்க ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு முழுத் தலைமுறையின் உழைப்பைப் பூஜ்யமாக வைத்திருப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு வைக்கிங்ஸ் நான்கு முறை போய் நான்கிலும் தோற்றது. வென்ற அணிகள் கன்சாஸ் சிட்டி, மயாமி, பிட்ஸ்பர்க், ஓக்லண்ட். நான்கிலும் பேஜ் ஆடினார். அந்தத் தோல்விகள் தன் தூக்கத்தைக் கெடுத்ததாக அவர் காட்டிக்கொண்டதே இல்லை. ரசிகர்கள் சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. அவருக்குக் கால்பந்து ஒரு வேலை. அதை மிகச் சிறப்பாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்று தெரிய அவர் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1945 ஆகஸ்ட் 7ஆம் தேதி பிறந்தார். எஃகு ஆலை ஊர் அது. கறுப்பினக் குடும்பங்களின் ஆண்களுக்குப் பெரும்பாலும் அந்த ஆலைதான் கதி. வெப்பமும் ஆபத்தும் நிறைந்த, நாள் தவறாமல் ஒரே மாதிரியான வேலை. தனக்கு அது வேண்டாம் என்று பேஜ் சிறுவயதிலேயே முடிவு செய்திருந்தார். 1954ல், அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழில் படித்த அந்தச் செய்தியும் தொலைக்காட்சியில் பார்த்த வழக்கறிஞர் தொடரும் சேர்ந்து, வக்கீலாக வேண்டும் என்ற ஆசையை விதைத்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கால்பந்து அதற்கும் பிறகுதான் வந்தது. 13 வயதில் தாயை இழந்தார்.

தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் இருப்பதும் கேன்டனில்தான். 1963ல் அது திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே கூலிக்கு வேலை பார்த்தவர்களில் பள்ளி மாணவரான பேஜும் ஒருவர். 25 வருடம் கழித்து அவருடைய மார்பளவுச் சிலை அதே கட்டடத்துக்குள் வைக்கப்பட்டது.

வைக்கிங்ஸில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார். சில வாரங்களில் விட்டுவிட்டார். இடைப்பட்ட காலத்தில் சட்டம் அவரிடம் வேறு வழியில் வந்தது. வீரர்கள் சங்கத்தில் தன் அணியின் பிரதிநிதியாக இருந்தார், 1972 முதல் 1975 வரை சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தார். அப்போது ரோசெல் விதி என்று ஒன்று அமலில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போனால், பழைய அணிக்குப் புதிய அணி ஈடு தர வேண்டும், அந்த ஈடு என்ன என்பதை லீகின் ஆணையர் பீட் ரோசெல் தீர்மானிப்பார். எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்று தெரியாததால் எந்த அணியும் துணிந்து வீரரை எடுக்காது. ஒப்பந்தம் முடிந்தவரும் கட்டுண்டவராகவே இருந்தார். 1974ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது தோற்றது. ஆனால் மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஜெயித்தது. இந்த விதி ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறுகிறது என்று 1976ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. கைதட்டல்களால் மாறாத ஒன்றை நீதிமன்ற அறையில் மாற்ற முடியும் என்பதைப் பேஜ் தன் தொழிலுக்குள்ளிருந்தே பார்த்தார்.

அந்தப் போராட்டத்தின் நடுவில், 1975ல், மின்னசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். இந்த முறை விடவில்லை. மூன்று வருடம் வைக்கிங்ஸுக்காக ஆடிக்கொண்டே படித்து 1978ல் பட்டம் வாங்கினார்.

அதே காலத்தில் மனைவி டையான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார். துணைக்கு ஓடப் போன பேஜுக்கு ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. வாரத்துக்குப் பல பத்து மைல்கள் ஓடினார். எடை குறைந்து குறைந்து சுமார் 102 கிலோவுக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பட் கிராண்டுக்கு இது பிடிக்கவில்லை. அந்த எடையோடு முன்வரிசையின் நடுவில் நிற்க முடியாது, எதிரணி நேராக இவர்மேலேயே ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தில் நிற்பவர் இரண்டு பேர் தள்ளினாலும் நகராமல் இருக்க வேண்டும். ஆனால் பேஜ் ஒருநாளும் நின்று தாங்குகிற ஆட்டம் ஆடியவர் இல்லையே. 11 வருடம் வேகத்தை நம்பி ஜெயித்த மனிதரிடம் பாரத்தைக் கேட்டார்கள். அவர் தரவில்லை.

1978 சீசனில் ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் வைக்கிங்ஸ் அவரை விலக்கியது. இப்படி விலக்கப்படும் வீரரை வேறு அணி எடுத்துக்கொள்ள லீகுக்கு ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும். நூறு டாலர். சிகாகோ பேர்ஸ் கட்டியது. பேர்ஸின் தடுப்பாட்டத்தை அப்போது கவனித்துக்கொண்டிருந்தவர் பட்டி ரயன். அதற்கு முந்தைய இரண்டு வருடம் மின்னசோட்டாவில் முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்து பேஜை அருகிலிருந்தே பார்த்தவர். அந்த உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிகாகோவில் பேஜ் ஆடியது 58 ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வைக்கிங்ஸில் ஆடிய 160ஐயும் சேர்த்தால் இடைவிடாத 218 ஆட்டங்கள். ஆய்வாளர்கள் எண்ணிய 148.5 சாக்குகளில் 40 இந்த சிகாகோ வருடங்களில் வந்தவை. 33 வயதுக்கு மேல், ஒல்லியானவர் என்று கழித்துவிடப்பட்ட பிறகு. 1979ல் மாரத்தான் ஓடி முடித்தார். களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் என்.எஃப்.எல். வீரர் ஒருவர் முழு மாரத்தானை முடித்தது அதுவே முதல்முறை. அதே வருடம் வழக்கறிஞராகப் பதிவு செய்து, சீசன் இல்லாத மாதங்களில் மினியாபொலிஸ் சட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1981ல் காலணியைக் கழற்றியபோது அவர் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

1985ல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அடுத்த இலக்கு மாநில உச்ச நீதிமன்றம். அங்கே போகும் வழிதான் சிக்கலானது. மின்னசோட்டாவின் அரசியல் சாசனப்படி நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பதவிக்காலம் ஆறு வருடம். நடைமுறையில், ஓய்வு பெற நினைக்கும் நீதிபதி பதவிக்காலம் முடிவதற்குள் விலகுவார், ஆளுநர் ஒருவரை நியமிப்பார், அவர் அடுத்த தேர்தலில் பதவியில் இருப்பவராகப் போட்டியிட்டு எளிதில் வெல்வார். காலி இடத்துக்கு வெளியாள் ஒருவர் நேரடியாகப் போட்டியிடும் சந்தர்ப்பமே அபூர்வம். 1992ல் அப்படி ஒரு சந்தர்ப்பம் தெரிந்தது. ஆனால் ஆளுநர் ஆர்ன் கார்ல்சன் அந்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை நீட்டித்தார். அதாவது அந்த இடத்துக்கு அந்த வருடம் தேர்தல் இல்லை.

பேஜ் ஆளுநர் மேலேயே வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றத்தின் இடத்தைப் பற்றிய வழக்கு என்பதால் அதே நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிக்க முடியாது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் அடங்கிய தனி அமர்வு விசாரித்துத் தேர்தலை நடத்தச் சொன்னது. பேஜ் நின்றார், வென்றார். 1993 ஜனவரியில் பதவியேற்றபோது மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். ஆளுநர் யாரையாவது நியமிப்பார், ஒருநாள் நம் முறை வரும் என்று அவர் பொறுத்திருந்தால் அந்த நாள் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1998, 2004, 2010 தேர்தல்களிலும் மக்கள் அவரையே அனுப்பினார்கள். 70 வயதில் ஓய்வு கட்டாயம் என்பதால் 2015 ஆகஸ்டில் விலகினார். களத்தில் ஆடியது 15 வருடம், நீதிமன்றத்தில் இருந்தது 22 வருடத்துக்கும் மேல்.

1988ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது மேடையில் தன்னை அறிமுகப்படுத்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வீரர்கள் வழக்கமாகப் பழைய பயிற்சியாளரையோ சக வீரரையோ அழைப்பார்கள். பேஜ் அழைத்தது மினியாபொலிஸின் பள்ளி முதல்வர் வில்லரீன் பீஸ்லியை. ஏற்புரையில் கால்பந்தைவிடப் படிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அதற்குப் பின்னால் ஒரு நிகழ்வு இருந்தது. வைக்கிங்ஸில் ஒருநாள் பயிற்சியாளர் ஆட்டத்திட்டப் புத்தகத்தை வீரர்களை ஒவ்வொருவராக வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். சிலரால் வாசிக்கவே முடியவில்லை. அத்தனை பேரும் கல்லூரி வரை போனவர்கள். விளையாடத் தெரிந்தால் போதும் என்று பள்ளியும் கல்லூரியும் அவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருந்தன. அந்தக் காட்சி அவரை விடவில்லை.

அதே 1988ல் அவரும் டையானும் பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மின்னசோட்டாவில் கறுப்பின, பிற சிறுபான்மை இன மாணவர்கள் கல்லூரியில் படிக்க உதவித்தொகை தருகிறது. ஒரு நிபந்தனை உண்டு: பணம் பெறும் மாணவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிப் படித்து வெளிவந்திருக்கிறார்கள். நிபந்தனைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எட்டு வயதுப் பையனுக்குத் தூரத்து நீதிபதியைவிட, நேற்று வரை பக்கத்துத் தெருவில் இருந்து இன்று கல்லூரி போகிற அக்காவோ அண்ணனோ நம்பக்கூடிய முன்மாதிரி.

தம்பதி இன்னொரு வேலையும் செய்தார்கள். அடிமைக் காலத்தையும் நிறப்பிரிவினைக் காலத்தையும் சேர்ந்த பொருட்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். கறுப்பினத்தவருக்குத் தனி காத்திருப்பு அறை என்று சொல்லும் ரயில் நிலையப் பலகைகளும், ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது தொங்கவிடப்பட்ட துக்கப் பதாகையும் அதில் உண்டு. 2018ல் மினியாபொலிஸ் மத்திய நூலகத்தில் இவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் டையான் காலமானார். சில வாரங்களில், நவம்பரில், நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரத்துக்கான ஜனாதிபதிப் பதக்கம் பேஜுக்கு வழங்கப்பட்டது.

மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அலெக்சாண்டர் ராம்சே என்ற பழைய ஆளுநரின் பெயர் இருந்தது. டகோட்டா பூர்வகுடிகளை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று 1862ல் அறிவித்தவர் அவர். மாணவர்கள் அந்தப் பெயர் வேண்டாம் என்றார்கள். 2017 முதல் அது ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி. சின்னப் பிள்ளைகள் அவரிடம் முதலில் கேட்பது இடது கைச் சுண்டுவிரலைப் பற்றித்தானாம். கால்பந்தில் பலமுறை பிசகி, கிட்டத்தட்ட செங்குத்தாக வெளிப்பக்கம் வளைந்து நிற்கிறது. அந்த விரலை வைத்தே மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினார். நகரத்தில் மாரத்தான் நடக்கும் நாளில் ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்தத் தெருவோரம் சூசஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை ஊதிக்கொண்டு நிற்கும் உயரமான பெரியவரும் அவரே. அது பள்ளிக்கூட நாட்களிலேயே அவர் கற்றுக்கொண்ட வாத்தியம்.

2020ல், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவர் நீல் காஷ்காரியோடு சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்தார். மின்னசோட்டா அரசியல் சாசனத்தில் கல்வி பற்றிய பிரிவு 1857ல் எழுதப்பட்டது. பள்ளிகளை அமைப்பது மாநிலத்தின் கடமை என்கிறது அது. ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான கல்வி பெறுவது அடிப்படை உரிமை என்று அதை மாற்ற வேண்டும் என்பது இவர்கள் கோரிக்கை. வெள்ளை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்ச்சி இடைவெளி மிக மோசமாக இருக்கும் மாநிலங்களில் மின்னசோட்டாவும் ஒன்று. கடமை என்று எழுதினால் அரசு பள்ளிகளை நடத்துவதோடு அது முடிந்துவிடும். உரிமை என்று எழுதினால், வாசிக்கக் கற்காமல் வெளியே வந்த குழந்தையின் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போக வழி பிறக்கும். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. தீர்மானங்களை வகுப்பறையிலிருந்து நீதிமன்றத்துக்கு இது கொண்டுபோய்விடும், பொதுப் பள்ளிகள் பலவீனப்படும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. என்றாலும், ஒப்பந்தம் முடிந்தும் கட்டுண்டு கிடந்த வீரர்களும், நடக்கவிருந்த தேர்தலும் நீதிமன்றம் போன பிறகே மீண்டதைக் கண்டவர் பேஜ். சட்டப் புத்தகத்தில் எழுதப்படும் ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நீதிபதிப் பதவியை விட்ட ஐந்து வருடத்துக்குப் பிறகு, எழுபதுகளின் நடுவயதில், அவர் மாநிலம் முழுவதும் இதற்காகப் பேசத் தொடங்கினார்.